மார்பகப் புற்றுநோய் சரியாகியும் பயம் போக மாட்டேங்குது

கேள்வி:
ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்போ புற்றுநோய் திரும்ப வராம இருக்க லெட்ரோசோல்ங்கிற மாத்திரை மட்டும்தான். டாக்டர் நல்லா இருக்கீங்கன்னுதான் சொல்றாங்க, ஆனா முட்டி வலிச்சாக்கூட எலும்புக்கு வந்துருச்சோன்னு ராத்திரி தூக்கமே போயிடுது, வீட்ல சொன்னா "அதான் சரியாயிடுச்சுல்ல"ன்னு முடிச்சிடறாங்க. நீங்கல்லாம் எப்படி சமாளிச்சீங்க?

பதில்:
அக்கா, லெட்ரோசோலுக்கே மூட்டு வலி வரும். காலைல எந்திரிச்சதும் விரலை மடக்கவே முடியாது, கொஞ்சம் நடமாடினா விட்டுடும், எனக்கும் அப்படித்தான். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை மாத்திப் பார்ப்பாங்க, எலும்பு அடர்த்தி டெஸ்ட்டும் கேளுங்க. நான் வலி எங்க, எப்போன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கிறேன், விடாம இருந்தாலோ கூடிக்கிட்டே போனாலோ காட்டிடுவேன். எழுதி மூடி வச்சா தூக்கம் வருது.

பதில்:
மேமோகிராம், அதான் மார்பக எக்ஸ்ரே, ரிசல்ட் வர்ற வரைக்கும் எல்லாருக்கும் நடுக்கம்தான்மா, உங்களுக்கு மட்டும் இல்ல. இந்தப் பயத்துக்குன்னே கவுன்சலிங் இருக்கு, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல புற்றுநோய் வந்தவங்க மனசைப் பார்த்துக்க சைக்கோ ஆன்காலஜின்னு தனித் துறையே இருக்கு. கூச்சப்படாம கேளுங்க. அடுத்த செக்கப்புக்கு வீட்டுக்காரரையும் உள்ள கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேட்டா அவருக்கும் புரியும்.

கேள்வி கேட்டவர்:
மாத்திரையால வலி வரும்னு இப்பதான் தெரியுது, ரொம்ப நன்றிங்க. அவரை கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்.