செம்புக் கம்பியில் பிராட்பேண்ட்: வேகத்தைக் குறைத்த பிறகுதான் லைன் நிலைத்தது

தோப்புக்காரன்:

2009-ல் நடந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ரோட்டு வழியாகப் போனால் 3 கிலோமீட்டர்தான், ஆனால் கேபிள் பில்லரை (ரோட்டோரம் லைன்களைப் பிரிக்கும் பெட்டி) சுற்றிக்கொண்டு வருவதால் கம்பியின் நீளம் 4 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இது அப்போது எனக்குத் தெரியாது. தங்கைக்கு காலேஜ் கவுன்சிலிங் சமயம், நெட் நன்றாக இருக்கட்டும் என்று 2 எம்பிபிஎஸ் பிளானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு எரியும், பத்து நிமிடத்தில் மினுக்கும், அணையும், மறுபடி எரியும். மழை பெய்தால் அன்று முழுக்க ஒன்றும் கிடையாது. புகார் எண்களை எழுதி வைத்தே ஒரு நோட்டு பாதி நிரம்பியது.

கடைசியில் வந்த லைன்மேன் அண்ணன்தான் மோடத்தின் அமைப்புப் பக்கத்தை (192.168.1.1) திறக்கச் சொல்லி இரண்டு எண்களைக் காட்டினார். அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் தேய்ந்த அளவு) 58 டெசிபல், எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கும் இடம்) 5, 6 டெசிபல் என்று ஆடிக்கொண்டிருந்தது. "தம்பி, பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசன) வாய்க்கால்ல கடைமடைத் தோட்டம் மாதிரிதான் உங்க வீடு. தலைப்புல எவ்வளவு திறந்தாலும் இங்க வந்து சேர்றது இவ்வளவுதான். 512 கேபிபிஎஸ் பிளானுக்கு மாத்திக்கோங்க, லைன் நிக்கும்" என்றார்.

எனக்கு மனசே வரவில்லை. அப்புறம் படித்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், அதனால் போன் தூரத்து வீட்டிலும் கேட்கும். போன் கம்பியில் நெட் தரும் முறையான ஏடிஎஸ்எல்2+ அதே கம்பியில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது, விளம்பரத்தில் வந்த 24 எம்பிபிஎஸ் அந்த உயரம் முழுக்கக் கிடைக்கும் கிட்டத்து வீடுகளுக்குத்தான். தூரம் கூடக் கூட அதிர்வெண் அதிகமான மேல் அலைகள்தான் முதலில் தேயும். எங்கள் வீட்டுக்கு அடிப்பகுதி மட்டும்தான் மிச்சம், அதில் 2 எம்பிபிஎஸ்ஸைத் திணித்தால் இரைச்சலைத் தாங்க இடமே இருக்காது.

512-க்கு மாற்றினேன். மார்ஜின் 15-க்குப் போனது, பதினோரு நாள் விளக்கு அணையவே இல்லை! மாதாமாதம் மிச்சமான பணத்தில் டிபி பெட்டியிலிருந்து (வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி) வீடு வரைக்கும் வரும் பழைய டிராப் ஒயரை (நாலு இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருந்தது) முழுசாக மாற்றினோம், அதன் பிறகு மழையிலும் நின்றது.

மேட்டுத்தெரு:

எங்கள் கதை நேர் எதிர். எக்ஸ்சேஞ்ச் 600 மீட்டரில், அட்டெனுவேஷன் வெறும் 9, ஆனாலும் வேகம் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. லைனைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தோம். கோளாறு வீட்டுக்குள் இருந்தது: மாடிக்கும் சமையலறைக்கும் இழுத்த எக்ஸ்டென்ஷன் போன்களுக்கு ஸ்ப்ளிட்டரே (பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) இல்லை. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஸ்ப்ளிட்டர் வைத்து, அங்கிருந்து மோடத்துக்குத் தனி ஒயர் போட்டோம். அன்றே 8 எம்பிபிஎஸ் வந்தது. பிளானை மாற்றுவதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் பாருங்கள்.

புதுசு:

தோப்புக்காரன் அண்ணா, எக்ஸ்சேஞ்சிலிருந்து நமக்கு நெட் அனுப்பும் பெட்டியை உங்கள் ஊருக்கே கொண்டு வந்து வைக்க முடியாதா?

தோப்புக்காரன்:

முடியும், தம்பி. எக்ஸ்சேஞ்சிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் ஃபைபர் இழுத்து, தெருவோரம் அந்தப் பெட்டியை (அதன் பெயர் டிஸ்லாம்) வைத்தால் செம்பின் நீளம் குறைந்துவிடும். அதே செம்பில் இன்னும் வேகமான விடிஎஸ்எல்2 முறையைப் போட்டால் சில நூறு மீட்டருக்குள் 100 எம்பிபிஎஸ் வரைகூடப் போகலாம், ஆனால் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டினால் ஏடிஎஸ்எல்2+க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்படியென்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பெட்டி, அதற்குக் கரண்ட், கரண்ட் போனால் பேட்டரி, பார்த்துக்கொள்ள ஆள். நெருக்கமான தெருவில் இந்தச் செலவு இருநூறு வீட்டுக்குப் பிரியும். எங்கள் தோப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் நான் நடந்தே எண்ணிப் பார்த்தேன், 14 வீடு, அதில் போன் இருந்தது ஒன்பதில்.