கிணற்றுக் கல்லைக் கொண்டு வீட்டின் பின்புறம் சிறு சாமான் அறை கட்டுவது எப்படி?

மேட்டுக்காட்டான் கேட்டது:

வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டின் பின்புறம் கடப்பாரை, மண்வெட்டி, மருந்து தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் போன்றவற்றை வைப்பதற்குச் சிறிய அறை ஒன்றை நானே கட்ட எண்ணியிருக்கிறேன். உள்ளளவு 8 அடிக்கு 6 அடி, உயரம் 7 அடி; ஒரு கதவு போதும், ஜன்னல் தேவையில்லை. கிணற்றை ஆழப்படுத்தியபோது வெடிவைத்து எடுத்த கருங்கல் வரப்போரத்தில் மலைபோலக் குவிந்து கிடக்கும்போது, செங்கல்லை விலை கொடுத்து வாங்க மனம் வரவில்லை. மண் செம்மண், இரண்டடிக்குக் கீழே கடப்பாரை இறங்காத சரளை. மாட்டுத் தொட்டிக்குச் செங்கல் கட்டிய பழக்கம் உண்டே தவிர, கல் கட்டில் கை வைத்ததே இல்லை.

இடத்தை மிச்சப்படுத்த 9 அங்குலச் சுவராகக் கட்டினால் நிற்குமா? கல்லை எல்லாப் பக்கமும் கொத்திச் சதுரமாக்க வேண்டுமா? சிமெண்டு, சுண்ணாம்பு இரண்டில் எது நல்லது? உதவிக்கு என் தம்பி மகன் மட்டுமே இருப்பான்.

ஓய்வுப் பொறியாளர் எழுதியது:

நண்பரே, 9 அங்குலம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒழுங்கற்ற கல்லால் கட்டும் சுவருக்கு வெளிமுகம், உள்முகம் என்று இரண்டு வரிசைக் கல் வேண்டும். அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பிணைவதற்கும் இடம் வேண்டும். 15 அங்குலத்துக்குக் குறைந்தால் அந்தப் பிணைப்பு கிடைக்காது, வெறும் சாந்தை நம்பித்தான் சுவர் நிற்கும். ஆகவே உங்கள் அறையின் வெளியளவு பத்தரை அடிக்கு எட்டரை அடி என்று வைத்துக்கொண்டு நூல் பிடியுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் 13 அடி 6 அங்குலம் வந்தால் மூலைகள் சரியாக இருக்கின்றன என்று பொருள். ஒன்று நீண்டு மற்றொன்று குறைந்தால், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்பே முளைக்குச்சிகளை நகர்த்திச் சரிசெய்துவிட வேண்டும்.

சரளை இரண்டடியில் கிடைப்பது உங்கள் நல்வாய்ப்பு. கரிசல் மண்ணாக இருந்தால் இந்தப் பேச்சே வேறாக இருந்திருக்கும், ஏனென்றால் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண்ணின் மேல் இவ்வளவு கனமான சுவரை ஆழமில்லாத கடைக்காலில் (அஸ்திவாரத்தில்) நிறுத்த முடியாது. இரண்டடி அகலத்தில் சரளை வரை தோண்டி, அடியில் ஒன்றரை அங்குல ஜல்லியைக் கொண்டு 1:4:8 கலவையில் (சிமெண்டு, மணல், ஜல்லி) 4 அங்குலக் கான்கிரீட் போட்டு, அதன் மேல் தரைமட்டம் வரை இரண்டடி அகலத்திலும், தரைக்கு மேல் ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி அகலத்திலும் கல் கட்டிக்கொண்டு, பிறகு 15 அங்குலச் சுவரைத் தொடங்குங்கள்.

கணக்கைப் பார்த்தால் கடைக்காலையும் சேர்த்து ஏறக்குறைய 430 கன அடிக் கட்டு வருகிறது. கல் 5 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) அளவுக்குத் தேவைப்படும். கட்டின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு சாந்துக்கே போய்விடும் என்பதால், 1:6 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்டு, ஆறு பங்கு மணல்) அடிக் கான்கிரீட்டை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 22 மூட்டை சிமெண்டும் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாக எம் சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஆகும். கல் இலவசம் என்றாலும் சுவர் இலவசமல்ல. இன்னொன்று: கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ எடை இருக்கும். இடுப்புக்கு மேலே தூக்கும் கல் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பெரிய கற்களை எல்லாம் கடைக்காலிலேயே செலவழித்துவிடுங்கள்.

கல்கட்டு எழுதியது:

நான் கொத்தனார் வேலை செய்பவன். ஐயா சொன்ன அளவுகள் சரியானவை. கல்லை வைக்கும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

வெடிவைத்து எடுத்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்; கணீரென்று ஒலித்தால் சுவருக்கு எடுக்கலாம், ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்டால் அதை உடைத்துச் சில்லாக்கிவிடுங்கள். கட்டத் தொடங்குவதற்கு முன்பே குவியலைப் பிரித்து, இரண்டு முகம் செங்குத்தாக அமைந்த மூலைக்கற்களைத் தனியாகவும், ஒரு முகமாவது தட்டையாக உள்ளவற்றைத் தனியாகவும், சில்லுகளைத் தனியாகவும் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எல்லாப் பக்கமும் கொத்த வேண்டிய தேவை இல்லை. மூலைக்கல்லையும் கதவோரக் கல்லையும் மட்டும் வாகு பார்த்துத் தட்டித் திருத்தினால் போதும். தட்டும்போது கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம் அணிய வேண்டும். தெறிக்கும் சில்லு கண்ணைக் கெடுக்கும். கருங்கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

கல்லை அதன் அகலமான பக்கம் கீழே வருமாறு படுக்கவைக்க வேண்டும். முகம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தட்டையான கல்லைப் பலகைபோல நிறுத்திவைப்பது வேண்டவே வேண்டாம். நீளமான பக்கம் சுவருக்குள் போகட்டும். முதலில் சாந்து இல்லாமல் வைத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஆடாமல் அமர்கிற கல்தான் அந்த இடத்துக்கு உரிய கல். அமர்ந்த பிறகு அதைத் தூக்கி, சாந்து விரித்து, மறுபடி வைத்துச் சுத்தியல் பிடியால் தட்டி இறக்குங்கள். நடுவில் விழும் இடைவெளியை வெறும் சாந்தால் நிரப்பாமல், சாந்து போட்டு அதில் சில்லை அடித்து இறுக்க வேண்டும். கீழ்வரிசையின் செங்குத்து மூட்டுக்கு நேர் மேலே அடுத்த மூட்டு வரக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது குறுக்குக்கல். வெளிமுகத்தில் தொடங்கி உள்முகம் வரை ஓடும் ஒரே கல்லை, உயரத்தில் இரண்டடிக்கு ஒன்றும் நீளத்தில் நான்கடிக்கு ஒன்றுமாக வைத்துக்கொண்டே போக வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு முகமும் தனித்தனியே பிரிந்து, சில மழைக்காலம் கழித்துச் சுவர் வயிறு தள்ளும். 15 அங்குல நீளமுள்ள கல் குவியலில் போதுமான அளவு கிடைக்காவிட்டால், 6 அங்குலச் சதுரத்தில் 15 அங்குல நீளத்துக்கு, நடுவில் ஒரு கம்பி வைத்துக் கான்கிரீட் துண்டுகளை முன்கூட்டியே வார்த்துவைத்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் இரண்டடி உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். நாள்தோறும் நான்கு மூலைகளையும் முதலில் எழுப்பி, தூக்குக்குண்டு பார்த்து, அவற்றுக்கிடையே நூல் கட்டி நிரப்புங்கள்.

வேலிப்பருத்தி எழுதியது:

கல்கட்டு அண்ணா சொன்னவற்றை ஏற்கிறேன். கலவையில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. முதன்முறை கட்டுகிறவருக்கு ஒரு கல்லைப் பொருத்தவே நீண்ட நேரம் பிடிக்கும். அதற்குள் தட்டில் இருக்கும் சிமெண்டுச் சாந்து இறுகத் தொடங்கிவிடும், பலரும் அதில் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் பலத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று கலந்தால் சாந்து வெண்ணெய்போல இழைந்து, கையில் கூடுதல் நேரம் நிற்கும். சுண்ணாம்பு வெறும் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

சாந்தே இல்லாமல் வேலிச்சுவர்போல அடுக்கலாம் என்று யாராவது அறிவுரை கூறினால் கேட்காதீர்கள். வேலிக்கு அது பொருந்தும். சாமான் அறையின் சுவரில் சந்து இருந்தால் முதலில் எலி குடியேறும், அதைத் தேடிப் பாம்பு வரும். இரண்டு பக்கமும் மூட்டுகளை முக்கால் அங்குலம் சுரண்டிவிட்டுப் பிறகு நன்றாகப் பூசி அடையுங்கள்.

அறையைத் தொடங்குவதற்கு முன்னால், அதே கல்லில் முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்ணையோ துணி துவைக்கும் மேடையோ கட்டிப் பாருங்கள். அதற்குள் எந்தக் கல் எந்த இடத்துக்கு என்பது கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

மேட்டுக்காட்டான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. துவைக்கும் மேடை வீட்டிலேயே நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான், அதையே முதலில் கட்டுகிறேன். கூரைக்குத் தகரம் போட நினைக்கிறேன். கோடைமழைக்கு முன்னால் வரும் காற்றை எண்ணித்தான் தயக்கமாக இருக்கிறது. கதவுக்கு மேலே கல் பலகை போடலாமா?

ஓய்வுப் பொறியாளர் எழுதியது:

கதவு இரண்டரை அடி அகலம்தான் என்றால் 6 அங்குலக் கனமுள்ள கல் பலகை தாராளமாகத் தாங்கும். இரு பக்கமும் ஆறு அங்குலமாவது சுவரில் அமர வேண்டும், பலகையிலும் அந்தத் தட்டல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

தகரக் கூரையின் சிக்கல் பாரமல்ல, பாரம் இல்லாமைதான். காற்று அதை அடியிலிருந்து தூக்கும். சுவரின் உச்சியில் சாந்தில் இரண்டு போல்ட்டைச் செருகி வைப்பது போதாது. நான்கு சுவரையும் சுற்றி ஒரே மட்டத்தில் 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் பெல்ட் ஓட்டி, அதில் 10 மி.மீ. கம்பி இரண்டை நீளவாக்கில் போட்டு, கூரைக் குழாய்களைப் பிடிக்கும் போல்ட்டுகளின் அடிப்பகுதியை வளைத்து அந்தக் கம்பியில் கொக்கியிட்டு வார்த்துவிடுங்கள். முன்சுவரை மட்டும் பெல்ட்டுக்கு மேல் ஓரடி உயர்த்தி, அங்குள்ள போல்ட்டுகளை அந்தக் கட்டின் ஊடே மேலே கொண்டுவந்தால் தண்ணீர் பின்புறம் வடியும் சரிவு கிடைக்கும். முன்சுவர், நடு, பின்சுவர் என்று மூன்று வரிசையில் மூன்றுக்கு ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் போட்டால் போதும். 10 அடித் தகரம் முன்னிருந்து பின்வரை ஒரே துண்டாக வந்துவிடுவதால் நடுவில் ஒட்டு வராது. பின்புறம் அரையடிக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம், காற்றுக்குப் பிடி கிடைக்கும்.

பெல்ட் வார்த்த பிறகு ஏழு நாளாவது சாக்கு போட்டு நனைத்து வைத்துவிட்டுத்தான் கூரையை ஏற்ற வேண்டும். மருந்துப் புட்டிகளையும் உள்ளே வைக்கப்போகிறீர்கள் என்றால், பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொரு காற்றுத்துளை விட்டு, அதில் எலி நுழையாத கம்பிவலையைப் பதித்துவிடுங்கள்.