இராமநாதபுரம் மாவட்டத்தில் அரசியல் தலைவர்கள் அடக்கமான இடங்கள்: பட்டியலில் எது நிற்கும், எது நிற்காது?

திருப்பாலைக்குடி (கேள்வி)

நம் மாவட்டத்தில் அடக்கமாகியிருக்கும் அரசியல் தலைவர்களைப் பட்டியலிட்டு, வரைபடத்தில் புள்ளி வைக்கும் வேலை நடக்கிறது. இதுவரை ஐந்து பெயர்: பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், இமானுவேல் சேகரன், அப்துல் கலாம், மருது சகோதரர்கள், முத்துராமலிங்க சேதுபதி. தப்பு இருந்தால் சொல்லுங்கள். விடுபட்டது எது? கல்லில் வெட்டியிருக்கும் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? நேரில் போய்ப் படம் எடுக்க எந்த மாதம் தோது?

கச்சான்

கடைசி இரண்டையும் முதலில் அடித்துவிடுங்கள்.

மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அடக்கம் காளையார்கோவிலில். இரண்டு ஊருமே இன்று சிவகங்கை மாவட்டம். 1985இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததற்கு முந்தைய புத்தகங்களில் இவையெல்லாம் "இராமநாதபுரம் மாவட்டம்" என்றே இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும். பழைய நூலில் எடுத்த ஒவ்வொரு ஊரையும் இன்றைய தாலுகாவோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். சேதுபதியை 1795இல் கம்பெனிக்காரன் பிடித்துக்கொண்டு போனான். 1809இல் சென்னைக் கோட்டையில் காவலில் இருந்தபடியே இறந்தார். பெயரில் முத்துராமலிங்கம் இருப்பதால் தேடும்போது தேவரோடு குழம்பும், கவனம்.

தேவர் இறந்தது மதுரை திருநகரில், அடக்கம் பசும்பொன்னில். பார்த்திபனூரிலிருந்து அபிராமம் வழியாகக் கமுதி போகும் சாலையில் ஊர் வரும். பிறந்த நாளும் மறைந்த நாளும் அக்டோபர் 30 தான் (1908, 1963). ஒரே தேதி இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று அச்சுப்பிழையாக நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அவர் சிலைக்கு 2014இல் கொடுத்த தங்கக் கவசம் வங்கிப் பெட்டகத்தில் இருக்கும், குருபூஜைக்குத்தான் (அக்டோபர் கடைசியில் வரும் அவர் நினைவு விழா) வெளியே வரும். மற்ற நாளில் எடுத்த படம் வேறு மாதிரி தெரிவது அதனால்தான்.

இமானுவேல் சேகரன் விஷயத்தில் புள்ளி தப்புவது வழக்கம். சொந்த ஊர் செல்லூர், கலவரத்தின் பெயர் முதுகுளத்தூர் கலவரம்; ஆகவே பலர் அந்த ஊர்களில் வைத்துவிடுகிறார்கள். 1957 செப்டம்பர் 11 அன்று அவர் கொல்லப்பட்டது பரமக்குடியில். நினைவிடமும் பரமக்குடியில்தான்.

செப்டம்பர் 11ஐ ஒட்டிய நாட்களும் அக்டோபர் கடைசி வாரமும் வேண்டவே வேண்டாம். தடை உத்தரவு இருக்கும், வாடகை வண்டிக்கு அனுமதி கிடையாது, போகும் பாதையையும் காவல்துறைதான் சொல்லும். அஞ்சலி செலுத்த வருவது வேறு, அளவெடுத்துப் படம் பிடிப்பது வேறு. ஜனவரி, பிப்ரவரி நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

மீசான்

கலாம் "அரசியல்வாதியா" என்று இங்கே எப்படியும் சண்டை வரும். கட்சிக்காரர் இல்லை, ஆனால் குடியரசுத் தலைவர் பதவி அரசியல் சாசனப் பதவி. பெயரை வைத்துக்கொண்டு பக்கத்தில் பதவியை எழுதிவிடுங்கள், போதும். 2015 ஜூலை 27 ஷில்லாங்கில் இறந்தார், 30ஆம் தேதி பேக்கரும்பில் அடக்கம். அதன்மேல் எழுந்த நினைவகம் 2017 ஜூலை 27இல் திறந்தது. பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் தாண்டி இராமேஸ்வரம் போகும் வழியில் சாலையோரமே தெரியும். இராமேஸ்வரத்துக்குள் இருக்கும் அவர் வீட்டில் புள்ளி வைத்துவிடாதீர்கள்.

விடுபட்ட பெயர் கீழக்கரை சீதக்காதி, அதாவது ஷெய்கு அப்துல் காதர் மரைக்காயர். கிழவன் சேதுபதிக்கு வேண்டியவர். இன்றைய பொருளில் அரசியல்வாதி என்று சொல்ல முடியாது, "அரசவை" என்று தனிப் பிரிவு போட்டால் அங்கே உட்காருவார். கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியில் ஜமாஅத்திடம் (பள்ளிவாசல் நிர்வாகம்) சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

கபரா (முஸ்லிம் அடக்கக் குழி), வெறும் மேடையா என்று சந்தேகம் வந்தால் திசைகாட்டியை எடுங்கள். மையித்தை, அதாவது உடலை, வலப்பக்கமாகச் சாய்த்து முகத்தைக் கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா திசை) பக்கம் வைப்பார்கள். நமக்குக் கிப்லா ஏறக்குறைய மேற்கு. ஆகவே தலை வடக்கே, கால் தெற்கே. கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தால் அது கபர் இல்லை.

மீசான் கல்லில் (கபரின் அடையாளக் கல்) ஹிஜ்ரி ஆண்டு, அதாவது இஸ்லாமிய ஆண்டு, இருந்தால் 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 1400 என்றால் 1358 + 622 = 1980. ஓராண்டு முன்பின் ஆகும், மாதமும் தெரிந்தால்தான் தீரும். நேராக 622ஐ மட்டும் கூட்டுகிறவர்கள் நாற்பது வருஷம் தள்ளிப் போய் நிற்கிறார்கள்.

ஊர்க்கணக்கு

தமிழ் ஆண்டு மட்டும் வெட்டிய கல்லை இன்னும் நம்பக்கூடாது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். ஹேவிளம்பி 1957-58லும் உண்டு, 2017-18லும் உண்டு. எழுத்தின் வடிவம், கல்லா சிமெண்டா என்பதைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். விழாவுக்கு விழா பெயிண்ட் அடிக்கும் கல்லில் 1 ஏழாகும், 3 எட்டாகும். பெயிண்டைப் படிக்காதீர்கள், அடியில் உள்ள பள்ளத்தைப் படியுங்கள். காலை ஏழு மணிக்கு முன், அல்லது டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் எழுத்து எழும்பி நிற்கும். விபூதி, சுண்ணாம்பு, மாவு எதையும் தேய்க்காதீர்கள். கடற்கரைக் கல்லுக்குள் உப்பு ஊறிக் கிடக்கிறது. நனைந்து காயும்போது அந்த உப்பு பூத்து மேல்தோலைத் தள்ளும். துணியால் தேய்த்தால் எழுத்தோடு உதிரும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் சீக்கிரம் கெடும்.

மற்றபடி, பழைய சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குச் சமாதியே இருக்காது. தகனம் முடிந்து, அஸ்தி அக்கினி தீர்த்தத்தில் கரைந்திருக்கும். எனவே அடக்கம், தகனம், வெறும் நினைவுச் சின்னம் என்று மூன்று கட்டம் போடுங்கள். சிலை, நினைவுத்தூண், மணிமண்டபம் எல்லாம் மூன்றாவது கட்டம். தோட்டத்தில் அடக்கம் என்று யாராவது சொன்னால் புல எண் கேட்டு வாங்கி, அரசின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டை (நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் பதிவேடு) பாருங்கள். மயானப் புறம்போக்கு என்று இருந்தால் சிக்கல் இல்லை. பட்டா நிலம் என்றால் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் புள்ளியை வெளியிடாதீர்கள். 1999 ஊராட்சி விதிப்படி மயானம் அல்லாத இடத்தில் அடக்கம் செய்ய அனுமதி வாங்க வேண்டும், குடியிருப்புக்கும் குடிநீருக்கும் 90 மீட்டருக்குள் கூடவே கூடாது. அதனால் பழைய தோட்டத்து அடக்கங்களைப் பற்றிக் கேட்டாலே சிலர் வாயை மூடிக்கொள்வார்கள்.

திருப்பாலைக்குடி

நன்றி அண்ணே, நன்றி பாய். இரண்டு பெயரை அடித்தாயிற்று, மூன்று கட்டமும் போட்டாயிற்று. அரண்மனையைச் சேர்ந்த சண்முக ராஜேஸ்வர சேதுபதி 1950களில் அமைச்சராக இருந்தாரே, அவரை எந்தக் கட்டத்தில் போடுவது?

கச்சான்

அரண்மனை இராமநாதபுரத்தில் இருக்கிறது என்பதற்காக இடத்தையும் அங்கே எழுதிவிடாதீர்கள் தம்பி. நகராட்சி இறப்புப் பதிவேட்டில் அவர் இறந்த 1967ஐத் தேடி நகல் வாங்குங்கள். அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.