கடல் இளவரசனுக்குச் சிவப்பு தெரியாது

கடலுக்கடியில் ஒரு ராஜ்ஜியம், அங்கிருந்து ஓர் இளவரசன் யாரென்று சொல்லாமல் மனிதர்கள் நடுவில் வந்து படிப்பான், ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வரும், அப்புறம் காதல் வரும், மழையிலோ நீச்சல் குளத்திலோ குட்டு உடையும். இந்த மாதிரிக் கதைகளோடு எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

பதினேழு வயதில் இவற்றைப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு விடிய விடியப் படித்தவள் நான். படித்தது போதாமல் சொந்தமாகவும் ஒன்று எழுத ஆரம்பித்தேன். நாற்பது பக்கம் ஆனதும் தங்கையிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "அக்கா, இவன் கடல்லேருந்து வந்தவன் மாதிரியே இல்ல, நல்லா நீச்சல் தெரிஞ்ச பணக்காரப் பையன் மாதிரி இருக்கான்" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. பச்சைக் கண், முத்து மோதிரம், கோபக்கார அப்பா, இவ்வளவுதான் என் இளவரசன். கடல் அவன் உடம்பில் எங்கேயுமே இல்லை.

அதற்குப் பிறகுதான் கடலைப் பற்றிப் படித்தேன். தண்ணீருக்குள் போகப் போக முதலில் காணாமல் போகிற நிறம் சிவப்பு. ஆழத்தில் முக்குளிப்பவருக்குக் கை கீறினால் ரத்தம் பச்சையாகவோ கறுப்பாகவோதான் தெரியுமாம். இதைப் படித்ததும் எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு காட்சியை எழுதினேன். அவள் காகிதம் வெட்டிக்கொண்டிருக்கும்போது விரலில் பட்டுவிடுகிறது, அவன் உதவிக்கு ஓடி வராமல் அப்படியே நின்று அந்தத் துளியைப் பார்க்கிறான், அவனுக்கு அந்த நிறத்துக்குப் பெயர் தெரியவில்லை. அவளுக்கோ, இவன் என்ன கல்நெஞ்சனா என்று கோபம். நான் எழுதியதில் எனக்குப் பிடித்த ஒரே காட்சி இதுதான்.

தன் உலகத்தை விட்டு இன்னொரு உலகத்துக்கு வந்தால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும், பழைய கதைகளில் இந்த விலை சரியாக வருகிறது. 1837இல் ஆண்டர்சன் எழுதிய கடற்கன்னி குரலையே கொடுத்துவிட்டுத்தான் கால் வாங்குகிறாள், வைக்கிற ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. நம் பக்கம், மகாபாரதத்து உலூபிக்கு அந்த வம்பே கிடையாது, கங்கையில் குளிக்க இறங்கிய அர்ச்சுனனைப் பிடித்துத் தன் நாக உலகத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மணிமேகலையில் வருகிற பீலிவளை இன்னும் ஒரு படி மேல். நாகநாட்டு இளவரசி, புகார்க் கடற்கரைச் சோலையில் சோழனைச் சந்திக்கிறாள், ஒரு மாதம் கூட இருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறாள். பிறகு அவள் கப்பலில் அனுப்பிய பிள்ளை கடலில் தொலைய, அரசன் பிள்ளையைத் தேடி இந்திரவிழாவையே மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. இப்போது வருகிற கதைகளில் இவளை மாதிரிப் போய்விடுகிறவள் யாருமே இல்லை, எல்லோரும் கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஏமாற்றம்தான்.

யாருக்காவது இப்படி ஒரு காட்சி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது உண்டா?

*

அக்கா, எனக்கு நடந்தது நேர்மாறு. நான் நீச்சல் பயிற்சிக்குப் போகிறவன், இந்தக் கதைகளைப் படித்தால் சிரிப்புதான் வரும். மூன்று மீட்டர் ஆழத்தில் குளத்தின் தரையைத் தொடும்போதே காது 'விண்'ணென்று வலிக்கும், இவர்கள் அரண்மனையில் நடனமே ஆடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் நீச்சல் கண்ணாடியை மறந்துவிட்டு இறங்கினேன், எல்லாம் மங்கல், எதிரே வந்தது யாரென்றே தெரியவில்லை. நம் கண் காற்றுக்கு அமைந்தது, தண்ணீரில் குவியாது. அப்படியென்றால் தண்ணீருக்கு அமைந்த கண் காற்றில் என்ன ஆகும்? கிட்டப்பார்வை! உங்கள் இளவரசன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் கரும்பலகை தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தப்பான பக்கம்தான் திரும்புவான், ஏனென்றால் தண்ணீரில் சத்தம் காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம், அந்த வேகத்துக்குப் பழகின காது அவனுடையது.

*

தம்பி, தப்பான பக்கம் திரும்புகிறானே, அதை எடுத்துக்கொள்கிறேன். அவள் கூப்பிடும்போது மட்டும் சரியாகத் திரும்பப் பழகிக்கொள்வான், மற்றவர்களுக்கு மாட்டான், அதிலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கடல் இளவரசனை என் தங்கை ஒத்துக்கொள்வாளா என்று கேட்க வேண்டும். இன்றைக்கு ராத்திரி எழுதிக் காட்டுகிறேன்.