அம்மா எழுதி வைத்த இரண்டு பக்கம்

2019ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 19 நாள் ஐசியூவில் கிடந்தார். வாயில் குழாய், அசைகிற ஒரு கையையும் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். ஆறாம் நாள் டாக்டர் கூப்பிட்டு, "பழையபடி திரும்புறது கஷ்டம், கழுத்துல துளை போட்டு குழாய் வைக்கணும், வீட்ல பேசிச் சொல்லுங்க" என்றார். சிங்கப்பூரில் இருந்து அண்ணன், எவ்வளவு செலவானாலும் விடாதே என்கிறான், அக்கா போதும்டா அவரை விட்டுடலாம் என்று அழுகிறாள், கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட்டேன். அப்பா அதற்கு அப்புறமும் 13 நாள் அப்படியே இருந்து போனார். அவர் என்ன விரும்பியிருப்பார் என்று எங்கள் மூவருக்குமே தெரியாது, ஏனென்றால் அந்தப் பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்று வாயை மூடுகிற வீடு எங்களுடையது. அண்ணனும் அக்காவும் ஒரு வருஷத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய். 2023ல் ஒரு நாள் பேப்பரை நீட்டி, "இது மாதிரி எனக்கு எழுதிக் குடுப்பா" என்றார். லிவிங் வில் பற்றிய செய்தி, அதாவது பிழைக்க வழியில்லாத நிலையில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நினைவு இருக்கும்போதே எழுதி வைப்பது. 2018 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்துவிட்டது, ஆனால் மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்று இருந்ததால் நடைமுறையில் சிரமம். 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்றார்கள்.

எழுத ஒரு மாதம் ஆனது. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிழைக்க மாட்டேன் என்று ஆகிவிட்டால் வென்டிலேட்டர் வேண்டாம், நெஞ்சை அழுத்த வேண்டாம், மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து கட்டாயம் வேண்டும், முடிந்தவரை என் வீட்டில். தனக்கு நினைவில்லாதபோது பேச அக்கா, நான் இருவர் பெயரும். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு வாத்தியார், சொத்து பிரிக்கிறீங்களா என்றுதான் முதலில் கேட்டார்! நகராட்சியில் ஒரு பிரதியை ஒப்படைக்கப் போனால் அங்கே யாருக்கும் விஷயமே தெரியவில்லை, மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்க மூன்று முறை நடந்தேன். இன்னொரு பிரதி அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அன்று இரவு நடந்ததுதான். வீடியோ காலில் அண்ணனை உட்காரவைத்து அம்மாவே இரண்டு பக்கத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அவன் நடுவில் எழுந்து போய்விட்டான். திரும்பி வரும்வரை அம்மா காத்திருந்து, விட்ட வரியிலிருந்து படித்தார்.

போன வருஷம் மூச்சு மோசமானபோது, ஆஸ்பத்திரியில் குழாய் வேண்டாம் என்று அம்மாவே டாக்டரிடம் சொன்னார். நினைவு இருக்கும்வரை நோயாளியின் வார்த்தைதான், பேப்பரே தேவையில்லை. நினைவு போன பிறகு ஆஸ்பத்திரியில் சிகிச்சையை நிறுத்துவதென்றால், மூன்று மூன்று டாக்டர்களாக இரண்டு குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்தோம், ஆக்ஸிஜன் மெஷின், மூச்சுத் திணறலுக்கு டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸ் வந்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க அக்காவுக்குக் கற்றுக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

கடைசி ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நான் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டேன். போனில் இருந்த அண்ணன்தான், "வேணாம்டா, அம்மா படிச்சுக் காட்டினாங்கல்ல, பக்கத்துல போய் உக்காரு" என்றான்.