வகுப்பில் இணையத்தைப் பயன்படுத்தியபோது மனதை விட்டுப் போகாத ஒரு நிகழ்வு: பகிருங்கள்

கணக்கு டீச்சர், திண்டிவனம்

பிளிக்கர்ஸ் அட்டை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 7ஆம் வகுப்பு, 38 பேர். யார் கையிலும் போன் கிடையாது, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்பு வடிவம் அச்சிட்ட அட்டை, ஆளுக்கு ஒன்று. அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர்கள் விடை. என் போன் கேமராவை ஒருமுறை வகுப்பு முழுக்கக் காட்டினால் போதும், யார் என்ன விடை என்று செயலியே படித்துவிடும்.

முழுக்களில் கழித்தல் பாடம். −7இலிருந்து −3ஐக் கழித்தால் என்ன வரும் என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பையன் −4 என்று சரியாகப் பிடித்திருந்தான். அந்த வருடம் முழுக்க அவனிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. தொடர்ந்து ஐந்து கேள்விக்கும் சரியான விடை! அவன் பெயரை எல்லோரும் பார்க்கட்டும் என்ற சந்தோஷத்தில், விடைகளைப் பெயரோடு புரொஜெக்டரில் போட்டேன். நான் அவன் பெயரைத்தான் பார்த்தேன். வகுப்பு பார்த்தது அதற்கு இரண்டு வரி கீழே இருந்த பெயரை. ஐந்தும் தவறு. அந்தப் பெண் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். மறுநாள் அட்டை கொடுக்கும்போது, "டீச்சர், எனக்கு வேணாம். நான் நோட்டுலயே எழுதிக்கிறேன்" என்றாள்.

மூன்று வாரமாகிறது. அட்டைக் கட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கிறது.

இயற்பியல் ஆசிரியர், பரமக்குடி

எனக்கு ஃபெட் மின்சுற்று, அதாவது கணினித் திரையிலேயே வயரை இணைத்துப் பார்க்கும் மாதிரிச் சோதனை. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல். ஒரு மாணவியை அழைத்து, மடிக்கணினியில் நீயே இணைத்துப் பார் என்றேன். பல்பை விட்டுவிட்டு, பேட்டரியின் இரண்டு முனையையும் நேராக வயரால் இணைத்துவிட்டாள். திரையில் பேட்டரி தீப்பற்றி எரிந்தது. வகுப்பே கத்தியது. அவள் மட்டும் கத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே, "சார், எங்க பெரியப்பா வீட்ல இப்படித்தான் எரிஞ்சுதா?" என்று கேட்டாள். அந்தப் பெரியப்பா வீடு எரிந்தது எனக்குத் தெரியாது. குறுக்குச்சுற்று என்று கரும்பலகையில் எழுதத் திரும்பினேன், கை உடனே ஓடவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கரூர்

என் அனுபவம் சின்னது. 2021 ஜனவரியில் பழைய பாடக் குறுந்தகடு ஒன்றைத் திறந்தேன், உள்ளே இருந்த அசைவுப் படம் ஒன்றுகூட ஓடவில்லை. அந்தப் படங்களை ஓட்டும் ஃபிளாஷ் மென்பொருள் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது, ஜனவரி 12 முதல் அதை இயக்கவே முடியாமல் நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். இணையத்தை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். ஃபெட் பாடங்களை முந்தின இரவே இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். எச்டிஎம்எல்5 என்ற இணையப் பக்க வடிவில் உள்ளவை பிரவுசரில் இணையம் இல்லாமலே திறக்கும். வடிவியல் படம் வரையும் ஜியோஜீப்ரா மென்பொருளையும் கணினியிலேயே நிறுவிவிடலாம். வினாத்தாளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி கூகுள் படிவத்தில் ஒட்டாதீர்கள், மாணவனுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிக்கோடுதான் வேண்டும் என்று 2010இலேயே அரசாணை வந்துவிட்டது, இன்னமும் பழைய எழுத்துருவைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு வாரம் போதும். அப்புறம் பிளிக்கர்ஸ் அட்டைக்குப் பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள். வெளிச்சம் பட்டு எதிரொளித்தால் கேமராவுக்கு வடிவம் தெரியாது. கெட்டி அட்டையில் அச்சடித்தாலே போதும். கறுப்புப் பகுதியில் விரல் படாமல் பிடிக்கவும் பழக்க வேண்டும். திண்டிவனம் டீச்சரும் இதைக் கவனித்திருந்தால் நல்லது.

தமிழாசிரியை, பேராவூரணி

ஐயா, மன்னிக்க வேண்டும். திண்டிவனம் டீச்சரின் அட்டையைக் கேமரா சரியாகத்தான் வாசித்தது. வாசித்ததை ஊருக்குக் காட்டியதுதான் அவர்கள் வேதனை. அதற்கு லேமினேஷன் பற்றிச் சொன்னால் எப்படி?

2020இல் பள்ளி மூடியிருந்த சமயம். ஆறாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கி, மனப்பாடப் பாடலைக் குரல்பதிவாக மாலை 6 மணிக்குள் அனுப்பச் சொன்னேன். ஒரு பையன் மட்டும் தினமும் இரவு பத்தரைக்கு மேல்தான் அனுப்புவான். நேரம் தவறக் கூடாது என்று குழுவிலேயே இரண்டு முறை எழுதினேன். மூன்றாம் நாள் அவன் பதிவை ஹெட்போனில் கேட்டேன். பாட்டை ரகசியம் சொல்வதுபோல மெதுவாகச் சொல்கிறான். நடுவில் ஒரு குழந்தை சிணுங்குகிறது. பாட்டை நிறுத்தி, "தூங்குடா தூங்குடா" என்று தட்டிக்கொடுக்கிறான். அப்புறம் விட்ட சீரிலிருந்தே பாட்டைத் தொடர்கிறான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. வீட்டில் ஒரே போன், அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் அது அவன் கைக்கு வரும். குழுவில் எழுதிய இரண்டு வரியையும் நீக்கப் போனேன். அதற்குள் 31 பேர் படித்திருந்தார்கள்.

பட்டதாரி ஆசிரியர் (கணிதம்), கோபி

பரமக்குடி சார், உங்கள் நிகழ்வு மனதைத் தொட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நிஜ வயர், டார்ச் பல்பு, செல் கொடுத்திருக்க வேண்டும். திரையில் எரியும் தீயை ஒரு பொத்தானை அழுத்தி அணைத்துவிடலாம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. கணக்குக்கு அந்தப் பயம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் செங்கோட்டு மையத்தை, அதாவது முக்கோணத்தின் மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் புள்ளியை, கரும்பலகையில் வரையும்போது நாம் எப்போதும் குறுங்கோண முக்கோணம்தான் போடுவோம், புள்ளி சமர்த்தாக உள்ளே நிற்கும். ஜியோஜீப்ராவில் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். புள்ளி நகர்ந்து நகர்ந்து, செங்கோணம் வந்த நேரம் அந்த முனையிலேயே போய் ஒட்டியது. இன்னும் இழுத்தேன். "சார், வெளிய போயிடுச்சு!" பதினான்கு வருடம் பாடம் நடத்தியும் நான் அந்த நகர்வை அதற்குமுன் பார்த்ததில்லை. கோணம் விரிந்தால் புள்ளி வெளியே போகும் என்று ஒவ்வொரு வருடமும் வாயால் சொன்னதோடு சரி.

இயற்பியல் ஆசிரியர், பரமக்குடி

கோபி சார், எங்கள் ஆய்வகத்தில் இருந்தது இரண்டு செல், ஒரு பல்பு. வகுப்பில் 46 பேர். நிஜப் பேட்டரியைக் குறுக்குச்சுற்றாக்கி எரியவிட்டுக் காட்டவும் முடியாது. அந்தப் பிள்ளைக்கு வேண்டிய பதில் அந்தத் திரையில்தான் கிடைத்தது.

கணக்கு டீச்சர், திண்டிவனம்

எல்லோருக்கும் நன்றி. கரூர் ஐயா, உங்கள் யோசனைப்படி அட்டைகளையும் மாற்றிவிட்டேன்.

இப்போதெல்லாம் விடை சொல்லும்போது புரொஜெக்டரை அணைத்துவிடுகிறேன். எத்தனை பேர் எந்த விடை என்று மட்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். பெயர் கிடையாது. நேற்று அந்தப் பெண்ணை முன்னால் அழைத்து, அட்டை எல்லாம் வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல் என்றேன். அவள் மெதுவாக எண்ணினாள். "டீச்சர், 37தான் இருக்கு" என்றாள். சற்று நின்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய், பைக்குள் இருந்த அட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

எந்தப் பக்கம் பிடித்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.