பழைய கேபின் படகு வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நான் மதுரை செல்லூர்க்காரன். வைகையில் தண்ணீர் பார்ப்பதே அழகர் ஆற்றில் இறங்கும்போதுதான், உனக்கெதற்குப் படகு என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் தூத்துக்குடியில் இருக்கும் மச்சானும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கலாம் என்று யோசனை.

பார்த்து வைத்திருப்பது 26 அடி ஃபைபர் படகு. இரண்டு பேர் படுக்க கேபின், சின்ன அடுப்படி, டீசல் இன்ஜின்.

போன ஞாயிறு போனபோது, நாங்கள் வருவதற்குள் உரிமையாளர் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். அதுதான் உறுத்துகிறது. பழைய லாரி வாங்கிப் பட்டவன் நான். ஆறிக்கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். அப்படியும் நீலப் புகை. ஆயில் எரிகிறது, இல்லையா?

அப்புறம் அடிப்பகுதியில் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தியதும் புளித்த வாடையோடு தண்ணீர் கசிந்தது. "வெறும் பெயிண்ட்தான் தம்பி" என்கிறார். ஃபைபருக்குள்ளேயே நீர் இறங்கியிருந்தால், மேல்பூச்சைச் சுரண்டி வாரக்கணக்கில் காயவைத்து எபாக்சி பிசின் பூச வேண்டுமாமே? மேல்தளத்தைத் தட்டினால் எல்லா இடமும் 'டக்', ஓரிடம் மட்டும் 'பொத்'. உள்ளே பிளைவுட் உளுத்திருக்குமோ?

தூத்துக்குடி, மண்டபம் பக்கம் படகைக் கரையேற்றிப் பார்த்துச் சொல்லும் நம்பகமான ஆள் உண்டா? கூலி எவ்வளவு? இம்பெல்லர் (இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பின் சுழலி), துத்தநாகக் கட்டி (மற்ற உலோகங்களுக்குப் பதில் தான் அரிபடுவது), பாசி, சிப்பி ஒட்டாமல் அடியில் பூசும் பெயிண்ட் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு என்ன ஆகும்? பதிவுச் சான்றில் பெயர் மாற்றியவர்களும் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்.